பதினெட்டுக்கு முன் டிக்கெட் வேண்டாம், பன்னிரண்டிலேயே பதிவு வேண்டும்: செட்டிநாட்டுப் பள்ளிகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரப் பள்ளி நிர்வாகிகளுக்கும், விளையாட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரும் நகரத்தார் அறக்கட்டளைப் பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், மாவட்டக் கால்பந்துச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நம் கண்டனூர்ப் பிள்ளை சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்.சி.க்காக ஆடி, 2022-23 ஐ.எஸ்.எல் (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தின் வளரும் ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அதைப் பார்த்துப் பந்தைத் தூக்கிய பையன்கள் நிறைய. அவர்கள் வீட்டு வாசலுக்கே இன்னொரு கூட்டமும் வருகிறது: "ஸ்பெயினில் டிரையல்ஸ், போர்ச்சுகலில் அகாடமி, பையனுக்கு வயது பதினைந்துதானே, இதுதான் சரியான நேரம், பணத்தைக் கட்டுங்கள்." பெற்றவர்கள் நகையை அடகு வைக்கிறார்கள். பற்றாக்குறைக்கு உங்களிடம் மனு வருகிறது. நல்ல மனதோடு நீங்களும் கொடுக்கிறீர்கள்.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளையின் வெளிநாட்டு டிரையல்ஸுக்கு இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். அதே பணத்தை அந்தப் பிள்ளை மேல் இங்கே எப்படிச் செலவழிக்கலாம் என்பதையும் சொல்கிறோம்.

முதலில் விதி. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஆட்டக்காரர் தகுதி, இடமாற்ற விதிகளில் 19ஆம் பிரிவு, 18 வயது நிறையாதவரை ஒரு நாட்டுச் சங்கத்திலிருந்து இன்னொரு நாட்டுச் சங்கத்துக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. விலக்குகள் சில உண்டு. கால்பந்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்த நாட்டுக்குக் குடிபோயிருக்க வேண்டும். அல்லது வீடும் கிளப்பும் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வரையிலானவர்கள் மாற ஒரு வழி, அகதிகளுக்கு ஒரு வழி, ஓராண்டுக்கு மேற்படாத மாணவர் பரிமாற்றத்துக்கு ஒரு வழி உண்டு. அப்பா கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்து, குடும்பமும் அங்கேயே இருந்தால் பிள்ளைக்கு முதல் விலக்கு பொருந்தலாம். புதுவயலில் குடும்பத்தை வைத்துக்கொண்டு பையனை மட்டும் அனுப்பினால் எதுவும் பொருந்தாது.

அப்படியானால் போய்வந்ததாகச் சொல்லும் பிள்ளைகள் எப்படிப் போனார்கள்? சுற்றுலா விசாவிலோ படிப்பு விசாவிலோ போய், எந்தச் சங்கத்திலும் சேராத ஒரு தனியார் அகாடமியில் தங்கி, நட்பு ஆட்டங்கள் ஆடிவிட்டு வந்திருப்பார்கள். ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது) குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. ஆகவே மூன்றாம் மாதம் முடிவதற்குள் பெட்டி கட்டியாக வேண்டும். கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், பதிவு இருக்காது. அடுத்து அவனைப் பார்க்கும் எந்த கிளப்பும் பதிவைத்தான் தேடும்.

இந்தப் பதிவு என்ன என்பது நம் வட்டாரத்தில் பலருக்கும் தெரியவில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு சி.ஆர்.எஸ் என்ற கணினிப் பதிவேட்டை நடத்துகிறது. ஒரு கிளப்பின் பெயரில் ஆட்டக்காரரைப் பதிந்தால் அவருக்கு ஓர் எண் கிடைக்கும். எந்தப் பருவத்தில் எந்த கிளப்பில் இருந்தார் என்பது அந்த எண்ணுக்குக் கீழே வரிசையாக ஏறிக்கொண்டே போகும். பிற்பாடு வெளிநாட்டு கிளப் ஒன்று அவரை எடுக்கும்போது சர்வதேச இடமாற்றச் சான்றிதழை நம் கூட்டமைப்பு கணினி வழியாக அனுப்ப வேண்டும். அது வராமல் அவரால் அதிகாரபூர்வ ஆட்டத்தில் இறங்க முடியாது. இந்தப் பதிவுகளிலிருந்துதான் மின்னணு ஆட்டக்காரர் கடவுச்சீட்டையும் (எந்த வயதில் எந்த கிளப்பில் இருந்தார் என்ற பட்டியல்) ஃபிஃபா தயாரிக்கிறது.

பள்ளிக்கூட அணி என்பது கிளப் கணக்கில் வராது. பன்னிரண்டு வயதிலிருந்து ஆறு வருஷம் ஒரு பி.டி. மாஸ்டர் தினமும் காலை ஐந்தரை மணிக்குப் பொட்டலில் நின்று பயிற்சி கொடுத்திருந்தாலும், பள்ளியின் பெயரில் மட்டும் ஆடியிருந்தால் அந்த ஆறு வருஷம் ஏட்டில் இல்லை. ஆகவே பள்ளி நிர்வாகிகளுக்கு எங்கள் முதல் வேண்டுகோள்: பள்ளியோடு சேர்ந்து ஒரு கிளப்பைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு செய்யுங்கள். கிளப்பின் பெயரிலேயே பான் எண்ணும் வங்கிக் கணக்கும் எடுங்கள். மாவட்டச் சங்கத்தில் இணையுங்கள். பிள்ளைகளை 12 வயது ஆகும் பருவத்திலேயே சி.ஆர்.எஸ்ஸில் ஏற்றுங்கள், ஒவ்வொரு பருவமும் புதுப்பியுங்கள். ஒரு பருவம் விட்டுப்போனால் அந்த வருஷம் ஓட்டையாகவே நிற்கும். பின்னால் போய் அடைப்பது பெரும்பாடு.

பெயரில்தான் அதிகம் சிக்குகிறது. பள்ளியில் "செ. கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் எஸ்", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் செந்தில்" என்று ஒரே பையன் மூன்று பேராகிவிடுகிறான். இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு மாறினால் நான்காவது ஆளும் வந்துவிடுவான். இடமாற்றச் சாளரம் (கிளப் மாற அனுமதிக்கும் காலம்) மூட இரண்டு நாள் இருக்கும்போது இது தெரியவந்தால் சரிசெய்ய நேரம் இருக்காது. எனவே பாஸ்போர்ட்டை முதலில் எடுங்கள். நமக்கு மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம். அதில் பெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் வளைகுடாப் பயணத்திலேயே சிக்கல்: 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வரும் வருகை விசாக்காரர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டையே சி.ஆர்.எஸ்ஸிலும் வங்கிக் கணக்கிலும் ஏற்றுங்கள். பத்தாம் வகுப்பையும் முடிக்க வையுங்கள். முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு விழும். மலேசியாவும் வளைகுடா நாடுகளும் அந்தப் பட்டியலில் இருப்பதால் வேலை விசாவில் போக ஒரு படி கூடிவிடும். பந்துக்காகப் பத்தாம் வகுப்பை விடச் சொல்லும் பயிற்சியாளரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

வயது விஷயத்தில் கறாராகவே சொல்கிறோம். ஒரு வயதைக் குறைத்துக் காட்டி மண்டல அணியில் சேர்த்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. மணிக்கட்டு எக்ஸ்ரேயை வைத்து டி.டபிள்யூ.3 முறையில் எலும்பு வயதைக் கணக்கிடுகிறார்கள். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009இலிருந்து மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தே பார்க்கிறார்கள். அதில் அகப்பட்டால் பிள்ளையின் பெயர்தான் கெடும். குறைத்து எழுதியவர் வேறு பிள்ளையைத் தேடிப் போய்விடுவார். பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைத் தவிர வேறு தேதியில் எந்தப் பிள்ளையையும் பதியாதீர்கள்.

அடுத்தது கணக்கு. அறக்கட்டளைப் பெரியவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் பணத்துக்கு வேறு நாட்டுக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிக்கப்படும்; இதற்கு ஒற்றுமைப் பங்கு என்று பெயர். 12 முதல் 15 வரை ஒவ்வொரு பருவத்துக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஒவ்வொரு பருவத்துக்கும் 0.5 சதவீதம். ஒரு பையன் காரைக்குடி கிளப் ஒன்றில் 12 முதல் 17 வரை ஆறு பருவம் பதிவில் இருந்தான் என்று வையுங்கள். பின்னொரு நாள் அவன் ஒரு கோடி ரூபாய்க்கு மாறினால், முதல் நான்கு பருவத்துக்கு ஒரு லட்சம், அடுத்த இரண்டு பருவத்துக்கு ஒரு லட்சம், ஆக இரண்டு லட்சம் அந்த கிளப்புக்கு வரும். அதற்கடுத்த முறை மாறினாலும் வரும். ஒரு கிளப்பின் பந்துச் செலவுக்கும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் இது சின்னத் தொகையல்ல. 2022 நவம்பரிலிருந்து இந்தப் பணம் ஃபிஃபாவின் தீர்வகம் (பணத்தைக் கணக்கிட்டுப் பிரித்து அனுப்பும் அமைப்பு) வழியாகப் போகிறது. ஏட்டில் இல்லாத கிளப்புக்குப் பணம் இல்லை. ஏட்டில் இருந்தும் வங்கிக் கணக்கு தனியாள் பெயரில் இருந்தால் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

பயிற்சி இழப்பீடு என்பது வேறு. ஆட்டக்காரர் தம் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தையே வெளிநாட்டில் போட்டால், அந்த கிளப் அவரை 12 முதல் 21 வயது வரை வளர்த்த எல்லாருக்கும் வருஷக் கணக்கில் பணம் தர வேண்டும். ஐரோப்பாவில் கிளப்பின் தரத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 90,000 யூரோ, 60,000, 30,000, 10,000 என்று நான்கு வகை. 12 முதல் 15 வரையான வருஷங்களுக்குப் பெரிய கிளப்பாக இருந்தாலும் கடைசி வகைக் கணக்குதான். நான்காம் வகை கிளப்பில் சேர்ந்தால் இழப்பீடே கிடையாது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாய்ப்புகள் இங்கேதான் உடைகின்றன. 19 வயதுப் பையனை எடுக்க நினைக்கும் ஒரு மூன்றாம் வகை கிளப், பில் லட்சம் யூரோவைத் தாண்டும் என்று பார்த்துப் பின்வாங்கும். அல்லது "இழப்பீடு வேண்டாம் என்று எழுதித் தாருங்கள்" என்று நம் கிளப்புக்கு மின்னஞ்சல் அனுப்பும். அந்த மின்னஞ்சலை யாரும் திறக்க மாட்டார்கள். திறந்தாலும் புரியாமல் வைத்துவிடுவார்கள். புரிந்தவர் முழுத்தொகைக்கு ஆசைப்படுவார். சாளரம் மூடிவிடும், பையன் ஊரில் நிற்பான். முழுமையாக விட்டுக்கொடுப்பதா, பாதி கேட்பதா, அடுத்த மாற்றத்தில் ஒரு பங்கு கேட்பதா என்பதைக் கிளப் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் கருத்து: முதல் வாய்ப்பு என்றால் விட்டுக்கொடுங்கள், ஒற்றுமைப் பங்கான அந்த 5 சதவீதம் பின்னால் வரும். கடிதத்துக்கு இரண்டு நாளில் பதில் போட ஒரு ஆளை நியமியுங்கள்.

உடம்புக்கு வருவோம். நம் மைதானம் என்பது பெரும்பாலும் செம்மண் சரளைப் பொட்டல். மழை விட்ட இரண்டு மாதம் தவிர கல் மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் 13, 14 வயதில் சட்டென்று உயரும் பையன் தினமும் ஓடினால் முழங்கால் சிரட்டைக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். சிலருக்குக் குதிகால் வலிக்கும். வளரும் எலும்பின் நுனியைத் தசைநார் இழுப்பதால் வருவது இது. தைலம் தேய்த்துவிட்டு ஓடு என்பது தவறு. மூன்று மாதத்துக்கொரு முறை உயரம் அளந்து எழுதுங்கள். வேகமாக உயரும் காலத்தில் குதிப்பதையும் நீண்ட ஓட்டத்தையும் குறைத்து, பந்தைக் கையாளும் பயிற்சியைக் கூட்டுங்கள். ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப்பில் 15 பயிற்சிகள், 20 நிமிடம். வாரம் இரண்டு முறையாவது செய்தால் முழங்கால், கணுக்கால் காயம் தெளிவாகக் குறைகிறது. செலவு ஒன்றுமில்லை.

பூட்ஸ் வாங்கித் தரும் புரவலர்கள் விலையை மட்டும் பார்க்காதீர்கள். நீளமான ஸ்டட் (அடிக்குமிழ்) உள்ள பூட்ஸ் சரளையில் ஊன்றாது. முழு எடையும் நான்கைந்து புள்ளியில் இறங்கிப் பாதத்தைக் குத்தும். பொட்டலுக்குக் குட்டை ரப்பர் ஸ்டட் நிறைய உள்ள டர்ஃப் ஷூதான் சரி. வெளிநாட்டில் தண்ணீர் தெளித்த புல்லில் இதே ஷூ வழுக்கும். 18 தாண்டி டிரையல்ஸுக்குப் போகிறவனுக்குப் புல்தரை பூட்ஸ் வாங்கிக் கொடுத்து, சில வாரமாவது புல் மைதானத்தில் ஆடவிட்டு அனுப்புங்கள். பந்தையும் சொல்ல வேண்டும். 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. இறுகிய தரையில் 9க்கு மேல் அடித்தால் பந்து முழங்கால் உயரம் துள்ளும். பையன்கள் முதல் தொடுதலிலேயே பந்தை அடக்கக் கற்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் முதல் பத்து நிமிடத்தில் பார்ப்பதே அந்த முதல் தொடுதலைத்தான். பம்போடு ஓர் அளவுமானி வாங்குங்கள். 12 வயதுக்குக் கீழே 4ஆம் எண் பந்து போதும்.

லேபிள் இல்லாத பவுடர், லேகியம், "ஸ்டாமினா" மாத்திரை எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஊக்கமருந்து விதியில் தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தப்பிக்கும் வழியல்ல. ஸ்டீராய்டு வகை கண்டுபிடிக்கப்பட்டால் நான்கு ஆண்டு வரை தடை. ஆஸ்துமா இன்ஹேலருக்குக்கூட அளவு உண்டு: சால்புடமால் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மேல் கூடாது.

வெளிநாட்டுக் கிளப் முதலில் கேட்பது வீடியோ. ஐந்து நிமிட கோல் தொகுப்பு மட்டும் போதாது. வெட்டாத முழு ஆட்டம் குறைந்தது மூன்று வேண்டும். பந்து இல்லாதபோது பையன் எங்கே நிற்கிறான் என்பதை அதில்தான் பார்ப்பார்கள். நடுக்கோட்டுக்கு நேராக, ஒரு மாடி உயரத்தில் ஸ்டாண்டில் போனை நிறுத்தி, ஜூம் பண்ணாமல் எடுக்க வேண்டும். பள்ளி மொட்டை மாடி போதும். மாலை ஆட்டம் என்றால் கேமரா மைதானத்தின் மேற்குப் பக்கம் இருக்கட்டும். கிழக்கே வைத்தால் எதிர்வெயிலில் ஜெர்சி எண் தெரியாது.

18 நிறைந்து நிஜமான அழைப்பு வந்துவிட்டது. இப்போது உங்கள் உதவி தேவை, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர்கள் சம்பளமும் தவணையும் எழுத்தில் இல்லாமல் கப்பலேறியதில்லை, இதுவும் அப்படித்தான். அழைப்புக் கடிதம் கிளப்பின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, தேதிகள் உண்டா, தங்குமிடமும் சிகிச்சையும் யார் செலவு என்று பாருங்கள். ஏஜென்ட் என்றால் ஃபிஃபா உரிமம் பெற்றவர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆட்டக்காரரோடு அவர் போடும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் வயதுக்கு ஆறு மாதத்துக்கும் மேல் இருக்கும்போது பிள்ளையை அணுகவே அவருக்கு அனுமதியில்லை; அதற்குப் பிறகும் பெற்றோர் எழுத்துச் சம்மதம் வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வருகிறவர் யார் என்பதற்கு இதுவே விடை.

ஒப்பந்தத்தில் சம்பளம் வரிக்கு முன்னா பின்னா, எந்த நாணயத்தில், எந்தத் தேதியில், வருஷத்துக்குப் பத்து மாதமா பன்னிரண்டா என்று எழுதியிருக்க வேண்டும். காயம்பட்டால் சம்பளம் தொடருமா, அறுவைச் சிகிச்சையை யார் பார்ப்பார்கள், திரும்பி வர டிக்கெட் யார் தருவார்கள் என்றும் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான், வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுத ஃபிஃபா விதி அனுமதிப்பதில்லை. அந்த வரி இருந்தால் கிளப் விதி தெரியாததாகவோ தெரிந்தும் ஏமாற்றுவதாகவோ இருக்கும். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் காத்திருந்து, பிறகு நியாயமான காரணத்தோடு விலகலாம். பல பையன்கள் நோட்டீஸ் கொடுக்காமல் விமானம் ஏறிவிடுகிறார்கள். அதோடு வழக்கின் முதுகெலும்பு போய்விடுகிறது. ஃபிஃபா தீர்ப்பாயத்தில் ஆட்டக்காரருக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர் சங்கத்தில் போகும் முன்பே உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

எந்த நாடு என்பதிலும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். சுனில் சேத்ரியை 2009இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தும், உலகத் தரவரிசையில் இந்தியா முதல் 70க்குள் இல்லை என்று பிரிட்டன் வேலை அனுமதி தரவில்லை. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அந்தக் கதவு திறக்கவில்லை. குர்பிரீத் சிங் சந்து 2014இல் நார்வேயின் ஸ்டாபெக்கில் சேர்ந்து, பெஞ்சில் பொறுமையாகக் காத்திருந்து, 2016 ஜூன் 30 அன்று யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் இறங்கினார். பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் பிறகு மலேசியாவின் பேராக்கிலும் ஆடினார். நம் பிள்ளைகளுக்கு இங்கிலாந்துக் கனவைவிட நார்வே மாதிரி நாடுகளும் மலேசிய லீக்கும் நடக்கக்கூடிய பாதை. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் இருக்கும் நம்மவர்கள் அங்கே ஒரு மாதம் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தாலே அது பல லட்சம் ரூபாய் உதவிக்குச் சமம்.

பெண் பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன். பாலா தேவி 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்கும், மனிஷா கல்யாண் 2022இல் சைப்ரஸின் அப்போலோனுக்கும் போனார்கள். பெண்கள் கால்பந்துக்குப் பயிற்சி இழப்பீடு பொருந்தாது. அதனால் பில்லைப் பார்த்து எந்த கிளப்பும் பின்வாங்காது. 5 சதவீதப் பங்கு மட்டும் உண்டு. அவர்களுக்குத் தினசரி உணவில் இரும்புச் சத்தும், ஆண்டுக்கொரு முறை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு) பரிசோதனையும் என்று உதவித்தொகைத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் மகப்பேறு விடுப்பு 14 வாரம், மூன்றில் இரண்டு பங்கு சம்பளத்தோடு, என்பது ஃபிஃபாவின் குறைந்தபட்ச விதி.

வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் 12 வயது ஆகும் பிள்ளைகளின் பட்டியலோடு தொடங்கலாம். ஒவ்வொருவருக்கும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். அறக்கட்டளைகள் பாஸ்போர்ட் கட்டணத்தையும் பதிவுச் செலவையும் ஏற்றுக்கொண்டு, வட்டாரத்துக்கு ஒரு பிசியோவை வாரம் இரண்டு நாள் அமர்த்தித் தாருங்கள். மாவட்டச் சங்கம் சி.ஆர்.எஸ் பதிவுக்கென ஒரு சனிக்கிழமையைக் காரைக்குடியிலும் இன்னொன்றைத் தேவகோட்டையிலும் அறிவிக்கட்டும். படிவம் நிரப்ப நாங்கள் வந்து உட்காருகிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கால்பந்துப் பயிற்சியாளர்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள்